எரல் பாஸ்கோவின் ஐம்பது கூடுகள்

எரல் பாஸ்கோவின் தோட்டாக் கூடுகளை எரல் பாஸ்கோவைத் தவிர யாரும் தொடக் கூடாது. எங்கள் வில்லாரூ துப்பாக்கிச் சங்கத்தில் இது எழுதி வைக்காத சட்டம். பொதுவாகவே எங்கள் வழக்கம் அதுதான். சுட்டு முடித்ததும் வெளியே வந்து விழும் பித்தளைக் கூட்டை அவரவர்தான் பொறுக்கிக்கொள்வோம். மறுபடி அடியில் தீப்பொறி தரும் கேப் பதித்து, மருந்து போட்டு, புதுக் குண்டு வைத்து அதே கூட்டைப் பத்துப் பன்னிரண்டு தடவை சுடுவோம். அடுத்தவன் கூட்டைக் குனிந்து எடுத்துக் கொடுப்பதுகூட எங்களிடம் மரியாதை இல்லை. எரலிடம் அது இன்னும் ஒரு படி மேல். ஒரு தடவை அவன் கூடு ஒன்று உருண்டு நான் படுத்துச் சுடும் பாய்ப்பக்கம் வந்துவிட்டது. நல்ல மனசோடு எடுத்து நீட்டினேன். வாங்கித் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, மற்றவற்றோடு சேர்க்காமல் சட்டைப் பையில் தனியாகப் போட்டுக்கொண்டான். டிராக்டர் ரிப்பேர் பார்க்கும் என் விரல் பட்டால் அதற்கு என்ன நோய் வந்துவிடும் என்று கேட்டேன். டிராக்டர் கிரீஸில் என்னென்ன நோய் இருக்கிறது என்று தனக்கு எப்படித் தெரியும் என்றான்.

அந்த மனுஷனின் ஐம்பது கூடுகளில் மரே என்கிற நான் கை வைத்தேன். அவனுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் வைத்தேன். அதனால் என்ன ஆயிற்று என்பதை யாரிடமாவது முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக இருக்கிறது.

எரல் எங்கள் ஊர்க் கோதுமைக் கிடங்கில் எடைமேடைக்காரன். முப்பத்தோரு அறுவடை அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து லாரிகளை எடை போட்டான். எண் அசைவது நிற்கும்வரை சீட்டுக் கிழிக்க மாட்டான். பின்னால் பன்னிரண்டு லாரி ஹாரன் அடித்தாலும் காதே கேட்காத மாதிரி இருப்பான். பகலெல்லாம் டன் கணக்கில் எடை போட்டுவிட்டு, சாயங்காலம் வீட்டு ஷெட்டுக்குள் போய் அரிசிமணியைவிடச் சின்ன எடைகளைப் பார்ப்பான். புதுக் கூடு இருநூறு வாங்கினால் இருநூற்றையும் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து, ஒரே எடைக்காரர்களை ஒரே பெட்டியில் போடுவான். ஒரு பெட்டிக்காரன் இன்னொரு பெட்டிக்குப் போகவே கூடாது. தேறாதது முயல் சுடுகிறவர்களுக்கு. தேறியதை ஒரே நீளத்துக்கு வெட்டுவான், வாய் விளிம்பைச் சீவுவான், அடியில் தீ புகும் துளைக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும் பிசிறைச் சுரண்டி எடுப்பான். கழுத்து ஒரு பக்கம் தடிப்பாகவும் ஒரு பக்கம் மெலிசாகவும் இருந்தால் குண்டு நடுவில் உட்காராது என்று, கழுத்தைச் சுற்றிலும் மயிரிழை மயிரிழையாகச் சீவி ஒரே கனத்துக்குக் கொண்டுவருவான். இத்தனையும் செய்துவிட்டு, "இப்பத்தான் மூஞ்சி கழுவியிருக்கு," என்பான்.

முதல் தடவை சுடும்போதுதான் கூட்டுக்கு உருவம் வரும். வெடிக்கிற வேகத்தில் பித்தளை உப்பி, அந்தத் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை என்ன வடிவமோ அதே வடிவத்துக்கு வந்துவிடும். அப்புறம் அது அந்தத் துப்பாக்கிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. எரல் அதற்குப் பிறகு கூட்டின் உடம்பைத் தொடவே மாட்டான். குண்டைப் பிடித்துக்கொள்ளக் கழுத்தை மட்டும் லேசாக இறுக்குவான், அவ்வளவுதான். மற்றவர்கள் மாதிரி முழுக்கூட்டையும் அச்சுக்குள் தள்ளிப் பிழிகிறவனைப் பார்த்தால் பன்றி வளர்க்கப் போகச் சொல்லுவான்.

அவன் மனைவி மார்லீன் இறந்தபோது மகள் நரேலுக்குப் பதினொரு வயது. ஒரு பெண் குழந்தையோடு என்ன பேசுவது என்று எரலுக்குத் தெரியாது. அவளும் அவன் ஜாதிதான். ஷெட்டுக்குள் வந்து ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். அவன் எடை சொல்ல, அவள் எழுத, அப்படியே சாப்பாட்டு நேரம் வந்துவிடும். பதினாறு வயதில் அவள் எங்கள் எல்லாரையும்விட நன்றாகச் சுட்டாள். ஒரு சனிக்கிழமை எரல் தன் துப்பாக்கியைப் பூட்டி வைத்தான். இனிமேல் சுடுகிறது அவள், கூடு தன் பொறுப்பு என்றான். அவளுடைய துப்பாக்கிக்குப் பேரல், அதாவது தோட்டா அறையோடு சேர்ந்த குழல், போட்டபோது பட்டறைக்காரர் பக்கத்தில் நாள் முழுக்க நின்று, அவரை ஒரு நிமிஷம் நிம்மதியாக விடாமல் போட்டு வாங்கி வந்தான். பதினாலு வருஷம் அப்படி ஓடியது. மாநிலத்தில் பாதிப் பேருக்கு அப்பன், மகள் என்று தனித்தனியாகத் தெரியாது. பாஸ்கோக்கள் என்றுதான் தெரியும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அடிலெய்டில் மாநிலப் பரிசுக்கான கடைசிச் சுற்று. தொள்ளாயிரம் மீட்டர். கடைசி வெடி நடுவட்டத்தில் பட்டு அஞ்சு புள்ளி விழுந்தால் பரிசு அவளுக்கு. மூணு விழுந்தது. மேலே எகிறி, மூணு. அவள் பாயிலிருந்து எழுந்து நின்றாள். இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கூடுதான்ப்பா. என் கை நகரவே இல்ல."

எரல் குனிந்து அந்தக் கூட்டை எடுத்துப் பார்த்தான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "கூடு நல்லாத்தான் இருக்கு. கையைப் பாரு," என்றான்.

திரும்பி வரும்போது நான் பின்சீட்டில். மூணு மணி நேரம் வண்டிக்குள் ஒரு சொல் இல்லை. என் ஆயுசிலேயே நான் வாயை மூடிக்கொண்டு வந்த பயணம் அது ஒன்றுதான். அந்த மாதமே நரேல் நகரத்தில் துறைமுகத் தானியச் சோதனைக் கூடத்தில் வேலை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். துப்பாக்கியை எடுத்துப் போனாள், கூடுகளை ஷெட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். அதற்கப்புறம் பிறந்தநாளுக்கு ஒரு ஃபோன், கிறிஸ்துமஸுக்கு ஒரு ஃபோன். அங்கே மழையா, இங்கே மழையில்லை. இரண்டு பேருக்கும் மழைமேல் அப்படி ஒரு அக்கறை.

போன வருஷம் எரலுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முப்பத்தோரு வருஷத் தூசி. நுரையீரல் போய்விட்டது, வருகிற ஜூன் மாதக் குளிர்காலம் தாண்டினால் பெரிசு என்று டாக்டர் சொன்னதை, கனம் அளக்கும் மைக்ரோமீட்டரைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டே என்னிடம் சொன்னான். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். நான் பெயிண்ட் டிரம்மில் உட்கார்ந்திருந்தேன்.

இந்த வருஷம் பிப்ரவரியில், நரேல் விட்டுப்போன கூடுகளிலிருந்து ஐம்பதை எடுத்தான். முன்பானால் ஐம்பதை இரண்டு சாயங்காலத்தில் முடித்துவிடுவான். இப்போது ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு. ஒரு கழுத்தைச் சீவிவிட்டுப் பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பான். பலமுறை சுட்ட பித்தளை விறைத்துப்போகும், கழுத்தைத் தீயில் காட்டி இளக்க வேண்டும். தீயும் ஆக்ஸிஜனும் ஒரே இடத்தில் ஆகாது என்று, குழாயைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, மூச்சுத் தாங்குகிற வரைக்கும் நாலு கூட்டைக் காய்ச்சுவான். நான் செய்கிறேனே என்று கெஞ்சினேன். முதலில் என் டிராக்டரைக் கவனிக்கச் சொன்னான். எதற்கு இந்தப் பாடு என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"நரேல் ஒரு சனிக்கிழமை இங்க வந்து இதுல சுடணும். நான் பக்கத்துல இருக்கணும். அது ஒண்ணுதான் பாக்கி."

"கூப்பிட வேண்டியதுதானே?"

"நீ கூப்பிடு மரே. நான் கூப்பிட்டா மழையைப் பத்திப் பேசிட்டு வெச்சிடுவோம்."

ஏப்ரல் கடைசியில் ஐம்பதும் முடிந்தது. பெட்டியை என் கையில் கொடுத்தான். கை நடுங்குவதால் மருந்து அளக்கத் தன்னால் முடியாது என்றான். முப்பது வருஷச் சிநேகத்தில் அவன் பெட்டி என் கைக்கு வந்தது அன்றைக்குத்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கேப், மருந்து, குண்டு, இந்த மூணைத் தவிர வேறு எதுவும் செய்யாதே என்றான். கூட்டின் அளவைத் தொடாதே என்று இரண்டு தடவை சொன்னான். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தான். கிரீஸ் விரலுக்காகச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே நரேலுக்கு ஃபோன் போட்டேன். அப்பாவின் உடம்பு, ஐம்பது கூடுகள், ஒரு சனிக்கிழமை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தக் கூடு எந்தப் பேரலுக்கு, அங்கிள்?"

"உன்னோடதுக்குத்தான்."

"அந்தப் பேரல் இல்ல. தேஞ்சு போச்சு. ரெண்டு வருஷம் முன்னாடியே மாத்திட்டேன். புது அறை இறுக்கம். அவரு கூடு உள்ள போகாது, போல்ட் மூடாது."

போல்ட் என்பது அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் தாழ், அது மூடாவிட்டால் சுடவே முடியாது. மூணு மாதம் மூச்சை எண்ணி எண்ணி, இல்லாத ஒரு பேரலுக்கு அவன் சட்டை தைத்திருக்கிறான்.

"நானே வந்து சொல்லிடறேன்," என்றாள். "இந்த வாரமே வரேன். எத்தனையோ தடவை சொல்லணும்னு ஃபோனை எடுத்திருக்கேன். அவர் பக்கத்துல நின்னு போட்டுக் குடுத்த பேரல். அதைக் கழட்டிப் போட்டேன்னு சொல்ல வாய் வரல."

இங்கேதான் நான் வாயை வைத்தேன். சொல்லவே கூடாது என்றேன். இருக்கிற கொஞ்ச மூச்சும் போய்விடும் என்றேன். அவள் சுட்டு முடிக்கட்டும், அவன் சந்தோஷமாகக் கண்ணை மூடட்டும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். புதுப் பேரலில் சுட்ட கூடு மூன்றைத் தபாலில் அனுப்பச் சொன்னேன்.

"நிச்சயமாத்தான் சொல்றீங்களா, அங்கிள்?"

நிச்சயம் என்று சொன்னேன். எதைப் பற்றியும் நான் அவ்வளவு நிச்சயமாக இருந்ததில்லை.

என் மனைவி கிளெனிஸ் கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்தப் பொண்ணு சொல்றேங்குது. நீ ஏன் குறுக்க விழுந்து படுக்கற?" என்றாள். துப்பாக்கி சமாசாரம் உனக்குப் புரியாது என்றேன். இது துப்பாக்கி சமாசாரம் என்று தனக்குத் தோன்றவில்லை என்று சொல்லிவிட்டு அவள் உருளைக்கிழங்கு உரிக்கப் போனாள்.

தபால் வந்த அன்று மத்தியானம் பட்டறையைச் சாத்திக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். நரேல் அனுப்பிய கூட்டை அளந்து, என் பிரஸ்ஸில் அச்சை அந்த அளவுக்கு இறக்கினேன். எரலின் முதல் கூட்டில் எண்ணெய் தடவி உள்ளே தள்ளிக் கைப்பிடியை அழுத்தினேன். பித்தளை சுருங்குவது கையில் தெரியும். லேசாக எதிர்த்துவிட்டு அடங்கும். அப்படி ஐம்பது தடவை. பிழிந்ததால் நீளம் கூடிவிட்டது, அதையும் வெட்டிச் சரிசெய்தேன். எண்ணெயைத் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். பன்றி வளர்க்கப் போக வேண்டியவன்.

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை. நரேல் முந்தின சாயங்காலமே வந்து அப்பாவுக்குப் பூசணி சூப் வைத்துக் கொடுத்திருந்தாள். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். மழை என்றாள்.

எரலை என் பிக்கப் வண்டியின் முன்சீட்டிலேயே உட்காரவைத்துச் சுடும் மேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். போர்வை, சிலிண்டர், ஜன்னல் கண்ணாடியில் மாட்டிய தொலைநோக்கி. தொலைநோக்கியை அவன் தொடவில்லை. இலக்கையும் பார்க்கவில்லை. பாயில் படுத்த மகளின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முதல் தோட்டாவை உள்ளே வைத்தாள். போல்ட்டைத் தள்ளி, கீழே அழுத்தினாள். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி மூடிக்கொண்டது.

எரல் முகத்தில் சந்தோஷத்தைப் பார்க்கலாம் என்று திரும்பினேன். அந்த முகம் விழுந்துவிட்டது. மூச்சு முட்டுகிறது என்று நினைத்து சிலிண்டர் திருகைக் கூட்டினேன். என் கையைத் தட்டிவிட்டான்.

அவள் சுட்டாள். பத்து வெடிக்குப் பத்து அஞ்சு. எங்கள் ஊரில் யாரும் கைதட்டுகிற ஜாதி இல்லை, அன்றைக்குத் தட்டினார்கள். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அவள் வண்டிக்கு வந்தாள். நான் எரலுக்குப் பின்னால், கதவுக்கு வெளியே நின்றிருந்தேன்.

"நல்ல கூடுப்பா," என்றாள்.

"நல்லா சுட்ட." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். "வேற ஏதாச்சும் சொல்லணுமா, நரேல்?"

அவள் வாய் திறந்தது. அவன் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று, தெளிவாக, இரண்டு தடவை ஆட்டினேன்.

"இல்லப்பா. ஒண்ணுமில்ல."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கிளம்பினாள். கப்பல் ஏற்றுமதி வாரம், லீவு இல்லை.

திங்கட்கிழமை எரல் என்னை ஷெட்டுக்கு வரச் சொன்னான். அவனால் இப்போது நாலு சொல்லுக்கு ஒரு தடவை நிறுத்தித்தான் பேச முடிந்தது. கூடுகளைப் பிழிந்தாயா என்று கேட்டான். பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். எடைமேடைக்காரன் முன்னால் எனக்கு அது எப்போதும் வந்ததில்லை. ஆமாம் என்றேன். பேரல் மாறிவிட்டது எரல், உனக்குத் தெரிந்தால் தாங்கமாட்டாய் என்றுதான், என்று இழுத்தேன்.

"தெரியும்டா."

எப்படித் தெரியும் என்றேன்.

"வாராவாரம் அவ சுடற கணக்கு சங்கப் பத்திரிகைல வருது. கூட்டிப் பாத்தா ரெண்டு வருஷம் முன்னாடியே மூவாயிரம் வெடி தாண்டியாச்சு. அந்தப் பேரல் அதுக்கு மேல தாங்காது. ஒரு மாசத்துல திடீர்னு ஆறு பாயிண்ட் ஏறினா. கை அப்படி ஏறாது. பேரல் மாறினாத்தான் ஏறும். எனக்கு எண்ணத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்குடா அந்தப் பழைய அறைக்கு..."

"மூடக் கூடாதுன்னுதான்." மூச்சு வாங்கினான். நான் காத்திருந்தேன். "பழைய அறை தாராளமா வெட்டினது. இப்ப எவனும் அப்படி வெட்டறதில்ல. போல்ட் மூடாது. மூடலைன்னா எந்திரிச்சு எங்கிட்ட வந்துதானே ஆகணும்? வந்து, அப்பா பேரலை மாத்திட்டேன்னு அவ வாயால சொல்லியிருப்பா."

"ஃபோன்ல கேட்டிருக்கலாமேடா."

"கேட்டா ஆமான்னு சொல்லிடுவா. கேட்டு வாங்கறது வேற. அவளா ஒண்ணு சொன்னா, நானும் ஒண்ணு சொல்லலாம்னு இருந்தேன். வெறுங்கையோட போய் நிக்க எனக்கு வரலடா. தைரியம் வரல."

என்ன சொல்ல இருந்தாய் என்று கேட்டேன். அப்போதுதான் அடிலெய்டுக் கதையைச் சொன்னான். அந்தப் பரிசுக்குக் கூடு தயார் செய்துகொண்டிருந்தபோது ஒரு இருமல் வந்து தட்டு சாய்ந்திருக்கிறது. கீழே விழுந்த ஒன்றை எடுத்து வைத்தான். எடுத்து வைத்த அந்தக் கூடு பக்கத்துப் பெட்டிக்காரன், வேறு எடை. போட்டி முடிந்து வீட்டுக்கு வந்ததும் வண்டிச் சாவியைக்கூட மாட்டாமல், நேரே ஷெட்டுக்குப் போய் அந்தக் கடைசிக் கூட்டைத் தராசில் வைத்தான். எடை கூட. பித்தளை தடிப்பென்றால் உள்ளே இடம் குறைவு, அதே மருந்துக்கு அழுத்தம் அதிகம், குண்டு மேலே எகிறும். அவள் சொன்னதுதான் சரி. கை நகரவில்லை. இருநூறு பேர் முன்னால் அவன் சொன்னதுதான் பொய். அன்றைக்கே அவள் அறைக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். காலையில் சொல்லலாம் என்று நினைத்தான். அந்தக் காலை நாலு வருஷமாக வரவில்லை.

"சனிக்கிழமை கேட்டேனே, வேற ஏதாச்சும் சொல்லணுமான்னு. வாயைத் தொறந்தா மரே. சொல்ல வந்தா." என்னைப் பார்க்காமல் சொன்னான். "சைடு கண்ணாடில பாத்தேன், நீ தலையாட்டினதை."

நான் அழுதேன். அறுபத்துநாலு வயதில், பெயிண்ட் டிரம்மில் உட்கார்ந்து அழுதேன். அவன் கோபப்படவில்லை. கோபப்பட மூச்சு வேண்டுமே. அவளை வரச் சொல் என்றான். காரணத்தை நீ சொல்லாதே, அதை நான்தான் சொல்ல வேண்டும், இந்த ஒன்றிலாவது கை வைக்காதே என்றான்.

அங்கிருந்தே ஃபோன் போட்டேன். அப்பா உன்னைப் பார்க்கணுமாம், ஏதோ பேசணுமாம் என்றேன். மோசமா இருக்காரா என்று பதறினாள். சனிக்கிழமை பார்த்த மாதிரிதான் இருக்கிறான் என்றேன். அது உண்மைதான், அந்த நேரத்துக்கு. வியாழக்கிழமை கப்பல் முடிந்துவிடும், முடிந்ததும் கிளம்பிவிடுவதாகச் சொன்னாள். எரலிடம் சொன்னேன். வியாழன் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான். முடியும் என்று தலையசைத்தான்.

புதன்கிழமை காலையில் அவன் சமையலறைத் தரையில் கிடந்ததை ரொட்டி கொண்டுபோன கிளெனிஸ்தான் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் மூச்சுத்திணறல் தெரியாமல் இருக்க மருந்து ஏற்றினார்கள். நரேல் கப்பலை விட்டுவிட்டு வந்து சேர்ந்தபோது பகல் ஒரு மணி. எரல் கண்ணைத் திறக்காமலாகி மூணு மணி நேரம் ஆகியிருந்தது.

அவள் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். காது கேட்கக்கூடும், பேசுங்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். நான் கால்மாட்டில் நின்றேன். போயிருக்க வேண்டும். போகத் தோன்றவில்லை.

"அப்பா, பேரலை மாத்திட்டேன்ப்பா. ரெண்டு வருஷம் ஆச்சு. உங்ககிட்ட சொல்லாம இருந்தது தப்பு."

கொஞ்சம் நிறுத்தினாள், பதில் வந்தால் வரட்டும் என்கிற மாதிரி. மறுபடி அதையே சொன்னாள். மூணாவது தடவை சொன்னபோது எனக்குத் தாங்கவில்லை. அவளை வராண்டாவுக்குக் கூப்பிட்டேன்.

சொல்லாதே என்றிருந்தான். அவன் சொல்ல முடியாத நிலைக்குப் போய்விட்டான், நானும் சொல்லாவிட்டால் அது அவனோடு போய்விடும். சரியோ தப்போ, சொன்னேன். நான் பிழிந்ததை, அவன் எண்ணிப் பார்த்ததை, மூடக் கூடாத போல்ட்டை, தட்டு சாய்ந்ததை, பக்கத்துப் பெட்டிக்காரனை, தராசை. ஒன்றையும் விடவில்லை. அவள் சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்த பிறகு தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"நாலு வருஷமா இந்தக் கைதான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்," என்றாள். "கத்துக்குடுக்க ஆள் வெச்சு, துப்பாக்கி பிடிக்கிற விதத்தையே மாத்தினேன், அங்கிள். பயந்து பயந்து சுட்டேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

"இதை அவர் சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன். என்ன கிழவா, இருமினதுக்கா நாலு வருஷம்னு கேட்டு, சத்தியமா சிரிச்சிருப்பேன். அவரும் சிரிச்சிருப்பார்." என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் திட்டு எதுவும் இல்லை. "நீங்க சொல்லும்போது சிரிப்பு வரல."

உள்ளே போனாள். நானும் ஒரு அடி எடுத்து வைத்தேன். அவள் திரும்பி, ஒன்றும் சொல்லாமல், கதவை மெதுவாகச் சாத்தினாள். எரல் மறுநாள் காலைவரை இருந்தான், கண்ணைத் திறக்கவில்லை. அந்தப் புதன்கிழமை மத்தியானம் முழுக்க நான் அந்தக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவள் முதலிலிருந்து ஆரம்பிப்பதும், நிறுத்திக் காத்திருப்பதும், மறுபடி ஆரம்பிப்பதும் கேட்டுக்கொண்டே இருந்தது.